நூலளவு விலகிய நீலம்

மச்சான்,

இன்று காலை உன் வீட்டுக் குசினியில் அரிசிமாப் பசை காய்ச்சினேன். அடிப்பிடித்து எழுந்த மணத்துக்கு அஜக்ஸ் நகரமே மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து ஊர் விட்பிக்கு ஓடியிருக்கும். உன் மனைவி மட்டும் அந்த மணத்துக்காகவே வந்து கதவடியில் நின்றாள். சாயத்தோடு பசை குழைத்து மரப்பலகையில் பூசும் உன் மணம் அது.

ஜப்பானிய மரச்செதுக்கு அச்சு உன்னைப் பிடித்த பேய். பழைய ஜப்பானில் ஒருவர் வரைவார், ஒருவர் செதுக்குவார், இன்னொருவர் அச்சடிப்பார். பின்னால் வந்த புதியவர்கள் மூன்றையும் ஒரே கையால் செய்யக் கிளம்பினார்கள். நீ அந்தக் கட்சி.

"என்ர படத்தில வேற ஒருத்தற்ற கையும் படக்கூடாது" என்பாய்.

"மூண்டு பேற்ற சாப்பாட்டை ஒருத்தனே திண்டா வயிறு வெடிக்கும், சக்கரவர்த்தி" என்பேன்.

தாள் நனைக்க மட்டும் எனக்கு அரச கட்டளை. ஒன்ராறியோ ஏரியில் பாதியை நான்தான் தெளித்தே தீர்த்தேன்.

உன் கடைசிப் படமும் அந்த ஏரிதான். கறுப்புக் கோடுகளை எல்லாத் தாள்களிலும் அடித்துவிட்டாய். நீலத்துக்கான பலகையைச் செதுக்கி முடிக்கிற நாட்களில் புற்றுநோய் எலும்புக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் விரல்கள் கரண்டியைக்கூடப் பிடிக்கவில்லை.

"நீலத்தை நீ அடி, மச்சான்."

"நானோ? ஏரியைக் கொண்டுபோய் ஆகாயத்தில ஊத்திப்போடுவன்."

நீ சிரிக்கவில்லை. "வேற ஆர் இருக்கு?" என்றாய்.

நீ கண்மூடிய பிறகுதான் அந்தப் பலகையைக் கையில் எடுத்தேன்.

இன்று, தாளைப் பொருத்துவதற்கென்று பலகை மூலையில் நீ வெட்டும் சிறு பள்ளத்தில் தாளின் மூலையை வைத்து, மூங்கில் மடல் போர்த்த வட்டத் தட்டால் அதன் முதுகைத் தேய்த்தேன். உரித்துப் பார்த்தால், நீலம் ஏரியின் விளிம்பைத் தாண்டி ஆகாயத்துக்குள் ஏறிக் கிடந்தது. அடுத்த தாளிலும் அதே இடம். பலகையை உற்றுப் பார்த்தபோதுதான் விளங்கியது. பள்ளம் தள்ளி வெட்டப்பட்டிருந்தது. அந்தப் பள்ளத்தில் ஒருநாளும் பிழைவிடாதவன் நீ.

உளியை எடுத்தேன். "சின்ன மரத்துண்டு ஒட்டிப் புதுசா வெட்டினாச் சரிவரும், தங்கச்சி."

உன் மனைவி தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "உது உங்கட கை பிழைச்சதோ, அவற்ற கையோ?"

"அவன்ர."

"அப்ப தொடாதேங்கோ, அண்ணை."

மிச்சத் தாள்களையும் அப்படியே அடித்துக் காயப்போட்டிருக்கிறேன். நகத்துக்குள் போன நீலம் இன்னும் கழுவுப்படவில்லை. எலியைக் கண்டால் யானை என்று ஊரைக் கூட்டுகிறவன் நான். உன் நீலம் விலகியது ஒரு நூலளவு. அதைக் கூட்டிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.