பொத்தானை அழுத்தாத நாட்கள்

இன்று காலை ஃபேரர் பார்க் காப்பிக்கடையில், புகைப்பவர்களுக்கென்று மஞ்சள் கோடு போட்டு ஒதுக்கிய மூலையிலிருந்து சிகரெட் புகை என் மேசைக்கு வந்தது. நீ பிடித்த அதே ரகம். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லையடா.

உனக்குத் தொண்டையில் புற்று என்று தெரிந்ததும் மருத்துவமனையில் புகைப்பதை விடச் சொன்னார்கள். சரிதான். எப்படி விடுவது என்று கேட்டாய். உட்காரவைத்துப் பேச அங்கே ஓர் ஆள் இல்லை. கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்து அனுப்பினார்கள். செம்பவாங் கப்பல் பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து பிடித்தவனுக்கு ஒரு செயலி! ஆசை வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், அது யோசனை சொல்லும். கதிர்வீச்சில் வாயெல்லாம் புண்ணாகி, மூக்கில் குழாயோடு இருந்த உனக்கு அது சொன்னது: "ஒரு கிளாஸ் குளிர்ந்த நீர் அருந்துங்கள்."

நான் கொதித்தேன். நீ சிரித்தாய். "எனக்குப் பதிலா நீ குடிடா. அதுவாவது சந்தோஷப்படட்டும் லா."

ஆனாலும் விட்டாய். ஆசை வந்தபோதெல்லாம் என்னைக் கூப்பிட்டாய். தோ பாயோவில் உன் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். மாலையில் செயலி "இன்று புகைத்தீர்களா?" என்று கேட்கும். "இல்லை" என்று அழுத்துவாய். அந்தப் பதில் உன் அண்ணனுக்கும் போகும்படி நீயேதான் அவர் எண்ணைச் சேர்த்தாய். "அண்ணனுக்குத் தெரியட்டும்டா, இந்தத் தடவை நெசமா விடுறேன்னு."

பிறகு காய்ச்சலில் விழுந்தாய். கைப்பேசியைத் தொடவே தெம்பில்லை. பதில் வராத நாட்களையெல்லாம் நீ புகைத்த நாட்களாகச் செயலி எடுத்துக்கொண்டது. "மீண்டும் புகைக்கத் தொடங்கியிருக்கலாம்" என்று உன் அண்ணனுக்குச் செய்தி அனுப்பியது. அவர் உன்னைப் பார்க்க வருவதையே நிறுத்திவிட்டார்.

அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "அண்ணே, அவன் படுத்த படுக்கையா கிடக்கிறான். போனைத் தொட்டே நாளாச்சு."

"உன் கூட்டாளியை நீ விட்டுக்கொடுப்பியா? போன் ஏன் பொய் சொல்லப் போகுது?"

கூடப்பிறந்தவனைவிட அவருக்கு அந்தத் திரை பெரிதாகப் போயிற்று. நீ போன பிறகு, உன் புளோக்கின் கீழ்த்தளத்தில் உன்னைக் கிடத்தியிருந்தபோதும், வந்தவர்களிடமெல்லாம் "கடைசி வரைக்கும் விடல" என்றே சொன்னார். அங்கேயே அவரோடு சத்தம் போட்டேன். என்னைத்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

மருத்துவமனையில் கடைசியாக நீ கேட்டது, "அண்ணன் நம்பிட்டாராடா?"

"நம்பிட்டாரு" என்றேன்.

அந்தப் பொய்யை மெய்யாக்கத்தான் இன்னும் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.