மதி என்று நீ பெயரிட்ட இடத்திலிருந்து

பாசமும் பொறாமையுமாக நான் நினைத்துக்கொண்டே இருக்கும் என் செல்விக்கு,

போன வியாழக்கிழமை மத்தியானம் நான் மதியில் இறங்கினேன். கப்பலில் ஒரு கீறல்கூட விழவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல? என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "செரி, ஒரு சாயா போடு" என்றார்.

நீ போய் மூன்று மழைக்காலம் கடந்துவிட்டது. நம் மாமியார் இன்னும் உன் பெயரைச் சொல்லித்தான் என்னைத் திட்டுகிறார். "செல்வி இருந்தாக்க மீன்கறி இங்ஙனயா இருக்கும்?" என்று நேற்றும் கேட்டார். செத்தவளைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று இதைப் படிக்கிறவர்கள் நினைக்கலாம். நீ உயிரோடு இருந்தபோதே பட்டவள் நான், இப்போது மட்டும் எப்படி நிறுத்துவது?

நீ தென்காசியிலிருந்து இந்த மட்டாஞ்சேரி வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தபோது நான் இங்கே ஏழு வருடப் பழசு. வந்த ஒரே மாதத்தில் மாமியாரின் முட்டுவலிக்கு எந்த எண்ணெய் கேட்கும் என்று கண்டுபிடித்துவிட்டாய். என் பிள்ளைகள் இரண்டும் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தன. பக்கத்து வீட்டுச் சேச்சி என்னிடம் வந்து உன்னைப் பற்றி விசாரித்தாள். நானும் சிரித்த முகமாகப் பதில் சொன்னேன். அவள் போனதும் பாத்திரங்களை நங்கென்று போட்டுக் கழுவினேன்.

அப்புறம் அந்தக் கம்ப்யூட்டர் வந்தது. உன் வீட்டுக்காரர் கண்ணன் எறணாகுளத்தில் பிராட்வே பக்கம் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தாரே, யாரோ வேண்டாமென்று விட்டுப்போன பெட்டியைச் சரிசெய்து, படகில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் கொண்டுவந்தது. அதற்குள் அந்த விண்வெளி விளையாட்டு ஏற்கெனவே இருந்தது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை, யாரையும் சுடுவதில்லையாம். மத்தியானம் பாத்திரம் கழுவி, மாமியார் கண்ணயர்ந்த பிறகு, நம் இரண்டு பேருக்குத்தான் அது பிடித்தது.

ஒரு சின்னக் கப்பல் கொடுப்பார்கள். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவிப் போகவேண்டும், ஒவ்வொரு தாவலுக்கும் எரிபொருள் குறையும். தூரத்தில் பம்பு கிடையாது. சில இடங்களில் பனிக்கட்டி உறைந்த துணைக்கோள்கள் இருக்கும், அதில் இறங்கினால் டேங்க் நிறையும். யார் முதலில் ஓர் இடத்துக்குப் போகிறார்களோ அவர்கள் அதற்குப் பெயர் வைக்கலாம். அந்தப் பெயர் அந்தப் பெட்டியின் வரைபடத்தில் எல்லாருக்கும் தெரியும். விளையாட்டு என்று பார்த்தால் இவ்வளவுதான்.

எனக்கு முதல் வாரம் முழுக்க நிறுத்தத் தெரியவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, நின்றுவிடும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கப்பல் நேராகப் போய் நிலையத்தில் இடித்து நொறுங்கும். நீ வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாய்.

"எக்கா, வைப்பின் போட்ட பாத்திருக்கீங்கள்ளா? எஞ்சின நிறுத்துன பொறவும் அது பாட்டுக்கு வழுக்கிட்டு வருதுல்லா? ஜெட்டிக்கிட்ட வந்ததும் ரிவர்ஸ் அடிச்சுத்தானே நிறுத்துதான். இதுவும் அப்படித்தான்."

பிறந்ததிலிருந்து அந்தப் படகில் போய்வருகிறவள் நான். நீ போர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்குப் போனது அதுவரை ஒரே ஒரு தடவை. நீ சொன்னதுபோல் செய்தேன், கப்பல் அழகாக நின்றது. அன்றைக்கு உன்னோடு நான் சரியாகப் பேசவே இல்லை, உனக்கு நினைவிருக்கிறதா?

என் முதல் தூரப் பயணம் இரண்டே தாவலில் முடிந்தது. எரிபொருள் பார்க்காமல் கிளம்பி, நடு இருட்டில் நின்றுவிட்டேன். "ஆட்டோ அனுப்பட்டுமாக்கா?" என்று கேட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அடுத்த தடவை நான்கு தாவல். அதற்கடுத்து ஆறு. ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், அங்கே நீ வைத்த பெயர் எனக்காகக் காத்திருக்கும். இங்கிலீஷ் எழுத்தில் NILA. அதற்கப்பால் THINGAL. திங்கட்கிழமை கண்டுபிடித்திருப்பாய் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கென்று பெயர் வைக்க ஒரு மண்ணாங்கட்டியைக்கூட நீ விட்டுவைக்கவில்லை.

வரைபடத்தின் ஓரத்தில் தனியாக ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. கடைசி நட்சத்திரம். அதற்கு மட்டும் பெயர் இல்லை. அதில் நான் முதலில் கால் வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். சிரிக்காதே. இந்த வீட்டில் ஒரே ஒரு காரியத்தில் உன்னை முந்தவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா?

ஒன்பதாவது தாவல் வரை போனேன். மிச்சமிருந்த எரிபொருளில் ஒன்று முன்னால் போகலாம், இல்லையென்றால் திங்களுக்குத் திரும்பிவந்து நிரப்பிக்கொள்ளலாம். இரண்டும் முடியாது. வரைபடத்தைத் திறந்தேன். எனக்கு அடுத்த நிறுத்தமாக, சிவப்புப் புள்ளிக்கு ஒரு தாவல் இப்பால், முந்தின நாள் வரை வெறுமையாக இருந்த இடத்தில், உன் எழுத்து. எம், ஏ, டி, எச், ஐ.

மதி.

நம் வீட்டில் சோறு போதும் என்பதற்கும் மதி, மழை போதும் என்பதற்கும் மதி. பிள்ளைகளின் சண்டையை விலக்குவதற்கும் மதிதான். நான் பிறந்து வளர்ந்த, மலையாளம் கலந்த தமிழில் அதற்கு வேறு பொருள் கிடையாது. நீ எனக்கு முன்னால் அங்கே போய் நின்றுகொண்டு, கையை நீட்டித் தடுத்து, "போதும்க்கா, திரும்பிப் போங்க" என்று சொல்வதாகத்தான் எனக்குப் பட்டது. முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. நான் திரும்பிவிட்டேன்.

மறுநாள் நீ மாமியாரோடு கோயிலுக்குப் போயிருந்தாய். நான் பெட்டியைப் போட்டு, கப்பலோட்டிகளின் பட்டியலில் உன் பெயர்மேல் வைத்து அழித்தேன். "நிச்சயமாகவா?" என்று அது இங்கிலீஷில் கேட்டது. ஆமாம் என்றேன். நீ திரும்பிவந்ததும், "கரண்டு போச்சு செல்வி, உன்டெ கப்பல் போயி" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

நீ கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாய். "போட்டும்க்கா. நீங்க ஓட்டுங்க" என்றாய். அதற்குப் பிறகு நீ அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. நீ இல்லாமல் எனக்கும் சலித்துப்போய்விட்டது.

அதன் பிறகு நீங்கள் தோப்பும்படிக்குத் தனிக்குடித்தனம் போனீர்கள், பெட்டியும் உங்களோடு போனது. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் பார்த்துக்கொண்டோம். பிறகு அந்த மழையில் உனக்குக் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்று தெரிவதற்குள் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் கண்ணெல்லாம் மஞ்சள். உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் அன்றைக்கு வந்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கப்பல் இப்ப எங்கக்கா நிக்கி?" என்று கேட்டாய்.

"அதொக்க ஆரு இப்போ விளையாடுது" என்றேன். சொல்லவந்ததைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். மறுநாள் வந்தபோது நீ இல்லை.

போன மாதம் கண்ணன் அந்தப் பழைய பெட்டியைக் கொண்டுவந்து, "கடைக்காரன்கிட்டத் தூக்கிப்போட மனசு வரல அண்ணி" என்று இங்கே வைத்துவிட்டுப் போனார். போட்டுப் பார்த்தேன், உயிரோடு இருந்தது. என் கப்பலும் இருந்தது. நீ வைத்த பெயர்களும் அழியாமல் அப்படியே இருந்தன.

அந்த வியாழனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கண்ணன் வந்திருந்தபோது வரைபடத்தைக் காட்டினேன். என் வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "எந்தா இது, மத்தியா? வானத்திலயும் மீனா?" என்று கேட்டார். கண்ணன் சிரித்தார். "மத்தியில்ல அண்ணா, மதி. நிலா, திங்கள், மதி. மூணுக்கும் அர்த்தம் ஒண்ணுதான். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் படிச்சவளாச்சே. எண்ணெ ரொப்புற எடத்துக்கெல்லாம் நிலாப் பேராத்தான் வைப்பேன், அப்பதான் அக்காவுக்கு வழி புரியும்னு சொல்லுவா."

நான் அடுக்களைக்குப் போய் நின்றுகொண்டேன். எனக்கு வழி புரியவேண்டும் என்று நீ வைத்த பெயரையா நான் அப்படி வாசித்தேன்? ஆனாலும் ஒன்று கேட்கிறேன் செல்வி. அந்தப் பெயரை வைக்கும்போது நீ இந்த வீட்டில் ஒரு வருடம் சோறு பரிமாறியிருந்தாய். மதி என்றால் எனக்கு என்னவென்று படும் என்று உனக்குத் தெரியாதா? ஒரு துளிக் குறும்பாவது அதில் இல்லையா? எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. தீரவும் வேண்டாம். நீ முழுக்க நல்லவளாகவே இருந்துவிட்டால் நான் எங்கே போய் நிற்பது?

திரும்பி வந்து, கரண்டு போய் உன் கப்பல் அழிந்த கதையைக் கண்ணனிடம் மெதுவாகத் தொடங்கினேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "கரண்டு போனா இதுல ஒண்ணும் அழியாது அண்ணி. பேட்டரி வச்சுத்தானே குடுத்தேன். அவகிட்டயும் அன்னைக்கே சொன்னேனே. அவதான், அதப்பத்தி அக்காகிட்ட ஒண்ணும் கேக்கக்கூடாதுன்னு சொல்லிட்டா."

அன்றைக்கே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஐந்து ஓணம் என் கையால் பாயசம் வாங்கிக் குடித்தாய். தெரிந்துகொண்டுதான் கட்டிலில் படுத்தபடி என் கப்பலை விசாரித்தாய். மன்னிப்பதிலும் நீதான் முதல். நான் கேட்பதற்குக்கூட இடம் வைக்கவில்லை. எனக்கு உன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை, அழுகையும் நிற்கவில்லை.

அதனால்தான் வியாழக்கிழமை கிளம்பினேன். நிலாவில் நிரப்பி, திங்களில் நிரப்பி, மதியில் இறங்கினேன். வெள்ளையாக, சின்னதாக, பனி மூடி இருக்கிறது. நீ அன்றைக்கு இங்கே இறங்கி, டேங்கை நிறைத்து, மறுநாள் போகலாம் என்றுதான் எழுந்து போயிருப்பாய். அந்த மறுநாளைத்தான் நான் அழித்தேன். சிவப்பு நட்சத்திரம் இங்கிருந்து ஒரு தாவல். என் டேங்க் நிறைந்திருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கண்ணன் வருவார். அழித்தது நான்தான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். சொல்லிமுடித்துவிட்டுத்தான் தாவுவேன். போய்ச் சேர்ந்ததும் பெயர் கேட்கும். உன் பெயரை வைக்கமாட்டேன் செல்வி, அதையும் உனக்கே விட்டுக்கொடுக்க என் மனம் அவ்வளவு பெரிதில்லை. பார்வதி என்ற என்னை இந்த வீட்டில் எல்லாரும் சுருக்கிக் கூப்பிடுகிற பெயரைத்தான் வைப்பேன். பாரு. மட்டாஞ்சேரியில் யார் வாசித்தாலும், மூத்தவள் கடைசியில் தன் பெயரைப் போட்டுக்கொண்டாள் என்பார்கள், சொல்லட்டும். நீ மட்டும் அதை உங்கள் ஊர்த் தமிழில் வாசித்துக்கொள்.

உன் மூத்த ஓரகத்தி,
பார்வதி