வானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம்

இஞ்சருங்கோ,

நீங்கள் கோயிலால் வருமுன் நான் முதல் படகில் குறிகட்டுவான் துறைக்குப் போகிறேன். கஜானி இரவு வேலணையில் மாமி வீட்டில் தங்கியிருக்கிறாள். இப்படியே சென்னைக்குத் திரும்பிப் போகப்போகிறாளாம்.

பிழை என்னுடையதுதான். "சென்னையிலயிருந்து பலாலிக்கு முந்நூற்றைம்பது கிலோமீற்றர், பிளேனில ஒன்றேகால் மணித்தியாலம். பெத்தவளைப் பார்க்க வர ஏலாதோ?" என்று அவளைக் குத்தினது காணாதென்று, ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நேற்று ரோசத்தில் பறந்து வந்தாள். பெட்டி எடுத்து, பஸ் பிடித்து, துறைக்கு வரக் கடைசிப் படகு போய்விட்டது. வானத்தைக் கணக்குப் பார்த்த எனக்கு வாசலில் கிடக்கிற கடல் நினைவில் வரவில்லை.

"ஊருக்கெல்லாம் சொன்னனீங்கள், எனக்குக் கடைசிப் படகு எத்தனை மணிக்கெண்டு சொன்னனீங்களோ அம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

குசினியில் புட்டு இருக்கிறது. கணவாய்க் கறி அவளுக்கு, தொடவேண்டாம். சாவி கோழிக்கூட்டுக்கு மேலே.

இன்னொன்று. சறோ அக்கா வேலியால் எட்டி, "மகள் வரேல்லையோ?" என்பா. மகள் வந்தவள், படகை மறந்தது தாய்தான் என்று சொல்லுங்கோ. அவவுக்கு ஒருக்காச் சொன்னால் போதும். கஜானி என்னோடு வந்து இறங்கினால், ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.