சொல்லிக்கொள்ளக் கூடாத வீடு

பங்குனி 20, வெள்ளி

காலையிலேயே அனல். அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் ஆற்றில் வெறும் மணல். இவருக்குக் குரல் கட்டிவிட்டது. பாலில் மிளகு, வாயில் பனங்கற்கண்டு. வெள்ளைச் சட்டை நான்கு இஸ்திரிக்கு. ஒரு வேட்டியில் ஆரத்திக் கறை. போகவே போகாது.

நாலாவது தேர்தல். முதலாவதில் தோல்வி, அப்புறம் இரண்டு முறை எம்.எல்.ஏ. இரண்டுக்கும் தலைமைதான் காரணம் என்று கட்சி சொல்கிறது. சாவுதான் காரணம் என்று நான் சொல்கிறேன். தொகுதியில் யார் போனாலும் முதல் மாலை இவருடையது. கல்யாணங்களை மறந்திருக்கிறார், என் பிறந்த நாளை வருஷா வருஷம் மறக்கிறார், சாவை மறந்ததில்லை. ‘மாலை எம்.எல்.ஏ.’ என்று ஊரில் பெயர்.

நேற்று பறக்கும் படை காரை மறித்து டிக்கியைத் திறக்கச் சொன்னதாம். உள்ளே வாழை இலையில் சுற்றி, தண்ணீர் தெளித்து, ஒரு ரோஜா மாலை. “யாருக்கு சார் இது?” என்று அதிகாரி கேட்க, இவர் “இன்னும் தெரியலைங்க” என்றாராம். டிரைவர் செல்வம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும்தான். பிறகு பாத்திரம் துலக்கும்போது அதே வார்த்தை மறுபடி காதில் விழுந்தது. அப்போது சிரிப்பு வரவில்லை.

பங்குனி 22, ஞாயிறு

தென்னூர் கோவிந்தசாமி ஐயா போய்விட்டார். முதல் தேர்தலில் இவருக்குப் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர். தோற்ற அன்று எல்லாரும் கலைந்த பிறகும் இருந்து, என் கையால் காபி குடித்துவிட்டுப் போனவர். நல்ல மனுஷர். பிள்ளைகள் இல்லை. மனைவி ராஜம்மா மட்டும்.

இவர் பிரசார ஜீப்பிலிருந்து இறங்கி நேராகப் போயிருக்கிறார். காலையிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் கும்பிட்டு, “போயிட்டு வரேன்மா, மறந்துடாதீங்க.” அதே கை, அதே வாய். ஐயாவுக்கு மாலை போட்டார், ராஜம்மா பக்கம் திரும்பினார், கும்பிட்டார்.

“போயிட்டு வரேன்மா.”

சாவு வீட்டில்! சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவதைத் தொழிலாகவே பழகிய மனுஷன். வரேன் என்று சொன்னால் மறுபடி அதே காரியத்துக்கு அந்த வாசலை மிதிக்க வேண்டிவரும் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒப்பாரி சட்டென்று நின்றுவிட்டதாம். ராஜம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்து, “வாங்க” என்றாளாம்.

“எப்படிச் சொன்னாங்க செல்வம்? கோபமாவா?”

“இல்லம்மா. சாதாரணமா. காபி போட்டு வச்சிருக்கேன், வாங்கங்கற மாதிரி.”

பங்குனி 25, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. விடைத்தாள் திருத்தும் வேலை பாதி பாக்கி. ஒன்பதாம் வகுப்புக்கு வகுத்தல் இன்னும் வரவில்லை, கடவுளே.

வட்டச் செயலாளர் ஹாலில் மெதுவான குரலில்: “யாரும் வீடியோ எடுக்கலைல்ல?” அவருக்கு அதுதான் கவலை.

இவர் இட்லியை வைத்துக்கொண்டு பிசைந்துகொண்டே இருந்தார். “பழக்கதோஷம் கல்யாணி. வாய் தானா சொல்லிடுச்சு” என்றார். நான், “விடுங்க, அந்தம்மா அதை எங்க கவனிச்சிருக்கப் போறாங்க” என்றேன். கவனித்துப் பதிலும் சொன்னவளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பங்குனி 30, திங்கள்

ராஜம்மா செத்துவிட்டாள். ஐயாவின் பதினாறு கூட இன்னும் வரவில்லை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

செய்தி வந்ததும் வாசலை மறித்து நின்றேன். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை.

“போகாதீங்க.”

“போகலைன்னா ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் கிடக்கு.”

“ஊருக்காக இல்லடி. அவரு எனக்காக வெயில்ல பூத்ல உட்கார்ந்தவரு.”

பனங்கற்கண்டில் பெரிய கட்டியாகப் பார்த்து அவர் வாயில் திணித்தேன். “இது கரையறதுக்குள்ள வந்துடுங்க. வாயைத் திறக்கவே கூடாது.” தலையாட்டினார். கன்னம் ஒரு பக்கம் உப்பி, ஸ்கூல் பையன் மாதிரி.

திரும்பி வந்தார். கொல்லைப்புறமாகப் போய்க் குளித்தார். கட்டி பாதிகூடக் கரையாமல் துணி துவைக்கும் கல்லின் மேல் கிடந்தது. எறும்பு மொய்க்கவில்லை. வெயிலாக இருக்கலாம்.

“சொல்லலையே?” என்று கேட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். செல்வத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

“சொல்லிட்டாரும்மா. கல்கண்டோடயே.”

“யார் கிட்ட?”

“உள்ள யாரும் இல்லம்மா. எல்லாரும் வெளில பந்தல்ல. அந்தம்மா மட்டும் ஐஸ் பெட்டில.”

இவர் துண்டை எடுக்காமலே சொன்னார்: “வாங்கன்னாங்க, கல்யாணி.”

அந்த வீட்டில் இனி சாக யாரும் இல்லை. சொந்தக்காரர்கள் காரியம் முடிந்ததும் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படியென்றால் இவர் எந்தச் சாவுக்கு அங்கே மறுபடி போக வேண்டும்? எழுதியதைப் படிக்கவே பயமாக இருக்கிறது. அடிக்கவும் பயம்.

சித்திரை 3, வியாழன்

கத்திரிக்கு முன்னாலேயே கத்திரி வெயில்.

ஊரெல்லாம் பரவிவிட்டது. தென்னூரில் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்துகிறார்களாம். ஒரு வீட்டில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண், “சார், வரேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அப்படியே போயிடுங்க” என்றாளாம். சரியென்று பேசாமல் நகர்ந்தால் அடுத்த வீட்டு அம்மா ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடிவருகிறாள்: “ஏன் சார் சொல்லாம போறீங்க, இது என்ன எழவு வீடா?” சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு. பாவம், எல்லா வாசலிலும் பாதி வாய் திறந்து நிற்கிறாராம்.

வீட்டில் மட்டும் வழக்கம் போல “வரேன் கல்யாணி.” இன்று நான் அடுப்படியிலிருந்து “வாங்க” என்றேன். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“ஏன் ரெண்டு தடவை சொல்ற?”

“ஒரு தடவைதான் சொன்னேன்.”

கொஞ்ச நேரம் ஹாலையே பார்த்தார். காலண்டர், சோபா, இவர் சட்டசபையில் பேசுகிற போட்டோ. வேறு என்ன இருக்கிறது ஹாலில்.

சித்திரை 9, புதன்

ஓட்டுப் போட்டாயிற்று. விரலில் மை. என் பூத்தில் நல்ல கூட்டம்.

இவர் எல்லா பூத்துக்கும் போனார், தென்னூர் பூத்துக்கு மட்டும் போகவில்லை. இப்போதெல்லாம் வீட்டிலும் சொல்லிக்கொள்வதில்லை. செருப்பை மாட்டுகிறார், போகிறார். கேட்டதற்கு, “சொன்னா யார் பதில் சொல்றாங்கன்னு தெரியலை” என்றார்.

எனக்கு இவர் எம்.எல்.ஏ. ஆக வேண்டாம். தோற்கட்டும். கதர்ச்சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டு வீட்டில் கிடக்கட்டும். இதை வெளியே சொன்னால் கட்சிக்காரர்கள் என்னைக் கொன்றுவிடுவார்கள்.

சித்திரை 20, ஞாயிறு

ஓட்டு எண்ணிக்கை. காற்றே இல்லை, வேப்ப இலை கூட அசையவில்லை. இவர் குளித்து, திருமண் இட்டு, புது வேட்டி. ஒரு வாய் காபி. வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றார். இன்றைக்காவது சொல்லட்டும், ஹாலிலிருக்கும் எதையும் முந்திக்கொண்டு நான் பதில் சொல்லிவிடுகிறேன் என்று பக்கத்திலேயே நின்றேன்.

ஒன்றும் சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து எழுந்து போவது போலவே திரும்பிப் பார்க்காமல் போனார். கூப்பிட வாய் வந்தது. நல்ல காரியத்துக்குப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன்.

மத்தியானம் டி.வி.யில் வந்தது. ஜெயித்துவிட்டார். போன தடவையைவிட அதிக ஓட்டு. தென்னூரும் போட்டிருக்கிறது. தெருவில் வெடி. எதிர் வீட்டு மாமி சர்க்கரையோடு வந்து என் வாயில் போட்டாள். தித்திப்பே தெரியவில்லை. இவருக்கு போன் அடித்தேன், எடுக்கவில்லை.

இப்போது செல்வம் பேசினார். மூச்சு வாங்குகிறது.

“அம்மா, சார் ஊர்வலம் வேணாம்னுட்டார். முதல் நன்றி தென்னூர்லதான் சொல்லணும்னு வண்டியத் திருப்பச் சொன்னார்.”

“யாருக்கு நன்றி?”

“ஐயா வீட்டுக்கு.”

“அது பூட்டியிருக்குமே.”

“பூட்டுதாம்மா தொங்குது. சார் வாசல்ல நிக்கறார். டிக்கில இருந்த மாலையத் தானே எடுத்துக் கழுத்துல போட்டுக்கிட்டார்.”

“கூப்பிடுங்க செல்வம், கையப் பிடிச்சு இழுத்துட்டு வாங்க!”

“கிட்ட போக முடியலம்மா. கால் வரல. செருப்பைக் கழட்டிட்டார்... கதவைப் பார்த்து ‘வந்துட்டேன்மா’ங்கறார்.”

அப்புறம் போனில் பேச்சில்லை. வெடிச் சத்தம் கூட இல்லை. தூரத்தில் தாழ்ப்பாள் விலகுகிற மாதிரி ஏதோ.

தென்னூர் போக எதிர் வீட்டு மாமி ஆட்டோ பிடித்துவிட்டாள். வாசலில் ஹார்ன். பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று காலையில் வாயை மூடிக்கொண்டு நின்றது நான்தான். இப்போது போய்த் தெருவே கேட்கிற மாதிரி, இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறேன்.