டெலியாவைத் தொட வேண்டிய நாள்

மே 28

பள்ளிப் பேருந்தைக் கழுவி ஷெட்டில் விட்டாயிற்று. இனி ஆகஸ்ட் 24 வரை விடுமுறை.

வெர்லின் இன்று கையெழுத்துப் போட்டான். எங்கள் மகள் டெலியாவுக்குப் பதினெட்டு நிரம்ப நவம்பர் ஆகும். அதற்கு முன் ராணுவத்தில் சேர வேண்டுமென்றால் அப்பா அம்மா இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். நான் ஏப்ரலிலேயே போட்டுவிட்டேன். இவனுக்கு ஏழு வாரம் பிடித்தது. பட்டறையில் பழுதுக்கு வந்திருந்த டிராக்டரின் மூடிமேல் தாளை வைத்துக் கிறுக்கிவிட்டு, "போட்டாச்சு. இனிமே இதைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றான். தாளில் கிரீஸ் கறை.

வழிக்கு வந்துவிடுவான். இருபத்தாறு வருடமாக இவனோடு குப்பை கொட்டுகிறேன், எனக்குத் தெரியாதா?

ஜூன் 9

போய்விட்டாள். ஆள்சேர்ப்பு அதிகாரி காரில் வந்து கூட்டிப்போனார். கிளம்புமுன் அப்பாவிடம் சொல்லிக்கொள்ளப் பட்டறைக்குப் போனாள். அவன் ஏதோ ஆரம்பித்தான், இவள் வழக்கம்போல் பாதியில் வெட்டினாள், அவன் குரலை உயர்த்தினான், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து இவள் அவனை ஒரு வாக்கியம்கூட முழுசாகப் பேசி முடிக்க விட்டதில்லை. வெளியே வரும்போது இவள் முகம் சிவந்திருந்தது. அவன் இயந்திரத்துக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை.

நான் அழவில்லை. கார் திருப்பத்தில் மறைந்தபிறகு கொஞ்சம்.

ஜூன் 13

தொலைபேசி வந்தது. முப்பது விநாடிதான். எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற குரல்: பத்திரமாக வந்து சேர்ந்தேன், தின்பண்டம் எதுவும் அனுப்ப வேண்டாம், முகவரி கடிதத்தில் வரும். பின்னால் யாரோ கத்துகிறார்கள். நான் "டெலியா, சாப்பிட்டியா?" என்பதற்குள் துண்டித்துவிட்டாள்.

வெர்லின் பக்கத்தில்தான் நின்றான். யார் என்று கேட்கவில்லை.

ஜூன் 25

முதல் கடிதம்! பென்சிலில், கோணல்மாணலாக. நான்கு மணிக்கு எழுப்புகிறார்களாம். சாப்பிட ஏழு நிமிடம். காலில் கொப்புளம். "ஆனா அம்மா, நான் நல்லா பண்றேன், சத்தியமா." கடைசியில், அப்பாவை ஒரு வரி எழுதச் சொல் என்று இருந்தது.

வாசித்துக் காட்டினேன். அவன் சோளரொட்டியை வெட்டிக்கொண்டே இருந்தான்.

ஜூலை 6

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஜூலை 4 சுதந்திர தினம் வருகிறதே என்று உறை முழுக்கக் கொடி, நட்சத்திரம், ரோஜா என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருந்தேன். பயிற்சி சார்ஜென்ட் அதை எல்லாருக்கும் உயர்த்திக் காட்டி, எத்தனை ஸ்டிக்கர் என்று இவளையே எண்ணச் சொல்லி, ஒன்றுக்குப் பத்து தண்டால் வீதம் வாங்கிவிட்டாராம். பதினான்கு ஸ்டிக்கர். "தயவுசெய்து வெள்ளை உறை மட்டும்" என்று கெஞ்சி எழுதியிருக்கிறாள்.

இதை வாசித்தபோது வெர்லினின் வாய் ஓரம் துடித்தது. சிரிப்புதான். நான் பார்த்துவிட்டேன்.

ஜூலை 14

பயிற்சி அணியின் இணையப் பக்கத்தில் படங்கள் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் வரிசை, இடமிருந்து ஐந்தாவது டெலியா. தலைக்கவசம், மூஞ்சி எல்லாம் சேறு, அதனால் என்ன? இருபது வருடமாக ஓட்டுநர் கண்ணாடியில் உச்சந்தலையைப் பார்த்தே எந்தப் பிள்ளை எழுந்து நிற்கிறது என்று சொல்கிறவள் நான். பெரிதாக அச்செடுத்து குளிர்பெட்டியில் ஒட்டினேன். தேவாலயத்தில் எல்லாருக்கும் காட்டினேன்.

வெர்லின் பால் எடுக்க வந்தவன் நின்று பார்த்தான். "அது டெலியா இல்ல" என்றான்.

ஒரு வரி எழுத மாட்டானாம், படம் பார்த்து ஆள் சொல்ல வந்துவிட்டான்.

ஜூலை 22

துப்பாக்கித் தேர்வில் தோற்றுவிட்டாள். நாற்பதில் இருபத்து மூன்று வேண்டும், பத்தொன்பதுதான். இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் விட்டால் வேறு அணியோடு மறுபடி முதலிலிருந்து. "அப்பாகிட்ட சொல்லாதே. நான் அப்பவே சொன்னேன்னு சொல்வார்."

சொன்னேன். எதை மறைத்திருக்கிறேன் நான்? அவன் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "மூச்சை ரொம்ப நேரம் அடக்குவா. மான் வேட்டைக்குப் போறப்பவும் அப்படித்தான். பாதி மூச்சு விட்டுட்டுச் சுடச் சொல்லு" என்றான். பிறகு, "நான் சொன்னதா எழுதாதே."

அவன் சொன்னதாகத்தான் எழுதினேன். கொட்டை எழுத்தில்.

ஜூலை 30

என் கடிதம் போய்ச் சேரும் முன்பே தேறிவிட்டாள். முப்பத்தொன்று! இருந்தாலும் அப்பா சொன்ன அந்த வரியைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறாளாம்.

இன்னொன்று. குளிர்பெட்டிப் படத்தில் இருப்பது அவள் இல்லையாம். அன்று பல் மருத்துவரிடம் இருந்தாளாம்.

படத்தை எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6

19ஆம் தேதி குடும்பத்தார் வரும் நாள், 20 பட்டமளிப்பு. 19 அன்று எப்படி என்றால், மைதானத்தில் வரிசையாக விறைப்பாக நிறுத்திவிடுவார்களாம். வீட்டு ஆள் வந்து தோளைத் தொடும்வரை அசையக் கூடாது, பேசக் கூடாது, கண்ணைக்கூடத் திருப்பக் கூடாது. தொட்டால்தான் விடுதலை. டெலியா எழுதியிருக்கிறாள்: "அப்பா வந்து தொடணும்னு ஆசை. வரலேன்னா நீ தொடு, பரவாயில்ல."

பரவாயில்லையாம்! பதினாறு கடிதம் எழுதினவ நான். ஸ்டிக்கர் ஒட்டிக் கெட்ட பேர் வாங்கினவ நான். நான் தொட்டா பரவாயில்லையாம். — சரி. சரி. என் பெண்தானே.

அவனிடம் கேட்டேன். அறுவடைக்கு முன்னால் பட்டறையை விட்டு வர முடியாது, ஏழு இயந்திரம் வரிசையில் நிற்கிறது என்றான். நான் விடவில்லை. கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டான்.

"ராய்ஸுக்கும் இப்படித்தான் ஒரு நாள் வச்சாங்க. அந்தக் கூட்டத்துலயே பலமா கைதட்டினவன் நான்தான். மறுபடி என்னால கைதட்ட முடியாது, லோர்னா."

ராய்ஸ் அவன் தம்பி. போருக்குப் போய்த் திரும்பி வந்து பதினேழு வருடம் ஆகிறது. நாற்பது மைல் தள்ளி ஒரு டிரெய்லர் வீட்டில் இருக்கிறான். தொலைபேசியை எடுப்பதில்லை. முன்பெல்லாம் வெர்லின் போவான், கதவைத் தட்டுவான், திரும்பி வருவான். அதுவும் நின்றுபோயிற்று.

இத்தனை வருடத்தில் இப்போதுதான் இதைச் சொல்கிறான். ஸ்பேனரை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 12

டிக்கெட், விடுதி எதையும் மாற்றப் போவதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன். அவன் வருவான். வராவிட்டால்? வருவான்.

ஆகஸ்ட் 17

காலை ஆறரைக்கு நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், வெர்லின் சலவைச் சட்டையோடு வண்டியில் உட்கார்ந்திருக்கிறான். "லேட்டாக்காதே" என்கிறான் என்னைப் பார்த்து!

ஆகஸ்ட் 19

விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புகையைக் கிளப்பி, அதற்குள்ளிருந்து அவர்களை நடந்து வர வைத்தார்கள். நானூறு பேர், ஒரே உடை, ஒரே தொப்பி. பெண்களுக்கெல்லாம் ஒரே கொண்டை. போகலாம் என்று சொன்னதுதான் தாமதம், நான் ஓடினேன். "என் பின்னாலயே வா, கண்ணை மூடிட்டுக் கண்டுபிடிப்பேன்" என்று வெர்லினிடம் சொல்லிவிட்டுத்தான் ஓடினேன்.

முதல் வரிசை. இல்லை. இரண்டாவது. இல்லை. நான்காவதில் கண்டேன், கட்டிப்பிடித்தேன், முத்தம்கூடக் கொடுத்தேன். அந்தப் பெண் மெதுவாக, "மேடம், நான் உங்க பொண்ணு இல்ல. ஆனா தொட்டதுக்கு ரொம்ப நன்றி, கால் மரத்துப்போச்சு" என்றாள்.

திரும்பினால் வெர்லின் என் பின்னால் இல்லை. நான் இரண்டு முறை தாண்டிப்போன வரிசையில், மூன்றாவதாக நின்ற ஒரு பெண்ணின் எதிரில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தொடவில்லை. பேசிக்கொண்டிருக்கிறான்! அவள் அசையவில்லை. கண்ணீர் கன்னம் வழியாக வழிகிறது, துடைக்கவும் முடியாது அவளால். சுற்றிலும் எல்லாரும் கட்டிப்பிடித்துக் கத்துகிறார்கள். நான் கிட்டே போனபோது கடைசிப் பகுதிதான் கேட்டது.

"...எங்க வேணா போ, நான் தடுக்கல. ஆனா திரும்பி வந்த பிறகு என்கிட்ட பேசணும். உன் சித்தப்பா மாதிரி கதவைச் சாத்திக்கிட்டா, திறக்கிற வரைக்கும் வாசல்லயே நிப்பேன். அவன்கிட்ட நான் அப்படி நிக்கல. தட்டிட்டுத் திரும்பி வந்துட்டேன். அது என் தப்பு. அவ்வளவுதான்."

பிறகு தோளில் கை வைத்தான்.

டெலியா மூச்சு விட்டாள். "அப்பா, பேசி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு."

"அப்ப இனிமே என் முறை" என்று சொல்லி, ஒன்றும் பேசாமல் அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நானும் போய் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். எனக்கு யாரும் இடம் விடவில்லை, நானாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எப்படி அடையாளம் தெரிந்தது என்று பிற்பாடு கேட்டேன். "தாடையைப் பார்த்தேன்" என்றான். "குறுக்கே பேசறதுக்குத் தயாரா இருக்கிற தாடை. பதினேழு வருஷமா எதிர்ல பார்க்கிறேன்."

ஆகஸ்ட் 20

பட்டமளிப்பு. அணிவகுப்பு போனபோது எல்லாரும் கைதட்டினார்கள். வெர்லின் தட்டவில்லை. எழுந்து நின்றான், அவள் கடந்துபோகும்வரை உட்காரவில்லை. அவள் அதைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 24

பேருந்து முதல் நாள். ஐம்பத்திரண்டு பிள்ளைகள், எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருத்தியை மட்டும் அவள் அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லப் போவதில்லை.

ஏழு இயந்திரம் காத்திருக்க, வெர்லின் காலையிலேயே பட்டறையைப் பூட்டிவிட்டு எங்கோ போயிருந்தான். சாயங்காலம் கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்து வந்தான். ராய்ஸ் வீட்டுக்காம். தட்டினாயா என்றேன். ஒரு தடவை தட்டினேன் என்றான். எவ்வளவு நேரம் நின்றாய் என்று கேட்டேன்.

"திறக்கிற வரைக்கும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.