சைக்கிள் குழாய்க்குள் இறங்கிய உப்பு

என் உயிர் மச்சான் தவத்துக்கு,

உன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு, கையில் எண்ணெய் காயுமுன் இதை எழுதுகிறேன். நாளையிலிருந்து உன் மகள் சுபா இதில்தான் களுவாஞ்சிக்குடிக்குப் படிக்கப் போகிறாள். உன் உயரம் வந்துவிட்டாள். சீற்றை இறக்கவே தேவையில்லை.

யுத்தம் முடிந்து ஒரு மாரியும் போய்விட்டது. செட்டிபாளையத்தில் கடல் நல்ல பிள்ளைபோலக் கிடக்கிறது. நான் அதை நம்புவதில்லை. நீ இருந்தால் நம்பியிருப்பாயா?

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் வலை இழுத்துக் கரையேறியிருந்தோம். பிடிப்பது நான், விற்பது நீ. நீ மீன்பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டிருந்தாய். உன் மகன் ரவி முன்பாரில் ஏறியிருந்து மணியடித்துக்கொண்டிருந்தான். கடல் எழும்பி வந்ததை நான்தான் முதலில் கண்டேன். நான் கத்திய சத்தம் எனக்கே கேட்கவில்லை. நீ பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்ததைக் கண்டேன். பிறகு கூரைத் தகடும் தோணியும் தென்னங்குற்றியும் ஒன்றாக வந்து நம்மை அடித்தன. உன் கையிலிருந்து பிள்ளையைத் தண்ணீர் பிய்த்து எடுத்தது. பிய்த்துத்தான் எடுத்தது மச்சான். அவனுடைய சட்டையின் ஒரு கை உன் விரல்களுக்குள் மிஞ்சியிருந்தது.

பிள்ளையைத் தேடிப் போன இடத்தில் சைக்கிள் கிடைத்தது. தாழம்பற்றைக்குள் செருகிக் கிடந்த அதைக் கண்டதும் நீ பைத்தியக்காரன்போல உதைத்தாய். கால்விரல் கிழிந்து இரத்தம் வரும் வரைக்கும் உதைத்தாய். ரவியை மறுநாள்தான் வாவிக்கரையில் எடுத்தோம்.

அவனை அடக்கம் செய்தபின் நீ அந்தச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அகதி முகாமுக்கு வந்தாய். வீடும் இல்லை, தோணியும் இல்லை. உன்னிடம் மிஞ்சியிருந்த ஒரே பொருள் அது. குலுக்கினாய். உள்ளே உப்புத் தண்ணீரும் மணலும் சளக்கென்றன.

"இப்பிடியே விட்டா உள்ளுக்கயே கறள் பிடிச்சு இரும்பத் தின்னும் மச்சான். வெளியில பெயின்ற் மினுங்கிக்கிட்டுக் கிடக்கும். ஒரு நாளைக்குப் பாரத்தோட முறிஞ்சு ஆளக் கொல்லும்" என்றாய். அந்த நாட்களில் நீ பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

ஊர்க் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. முகாமுக்குப் பவுசர் லொறியில் வந்த தண்ணீரில் உன் பங்கை வாளியில் வாங்கி, சீற்றைக் கழற்றி, குழாய்க்குள் ஊற்றினாய். வரிசையில் நின்ற ஒருவன் பாய்ந்து வந்து வாளியை உதைத்தான்.

"குடிக்க இல்லாமச் சனம் சாகுது, நீ இரும்புக்கு ஊத்துறியாடா?"

"என்ர பங்கத்தான் ஊத்துறன்! நான் இன்னும் குடிக்கல்ல!"

அவன் மறுபடியும் வாளிக்குக் காலை ஓங்கினான். நீ அவனை அடித்து விழுத்தி, அவன் மேல் ஏறியிருந்து அடித்தாய். நான் உன்னைப் பிடித்து இழுத்தபோது என் வாயிலும் ஒன்று விழுந்தது. அவனும் அழுதான், நீயும் அழுதாய். அவனுக்கும் யாரோ கடலில் போயிருந்தார்கள்.

பிறகு நாம் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனோம். அந்தப் பக்கத்தைக் கடல் தொடவில்லை. கொக்கட்டிச்சோலைக்கு அங்கால், வயல் வட்டை ஓரத்தில் இருந்த பூரணம் அக்கா நீ வழமையாக மீன் கொடுக்கிறவ. எதுவும் கேட்காமல் கிணற்றடியைக் காட்டினா. நீ சீற்றைக் கழற்றினாய், ஹாண்டிலைக் கழற்றினாய், பெடல் அச்சையும் உருவினாய். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் நல்ல தண்ணீரை ஊற்றி, கீழே ஒழுகியதை நாக்கில் வைத்துப் பார்த்தாய். உப்புக் கரித்தது. மறுபடியும் ஊற்றினாய். கரிப்புப் போகும்வரை கிணறு இறைத்தது நான்.

வெயிலில் நன்றாகக் காயவிட்டு, கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு இழுத்தாய். முதலில் செங்கல் தூள்போல வந்தது. வரவர நிறம் குறைந்தது. பூரணம் அக்காவின் புருஷன் உழவு மெசினில் இருந்து கழித்த எண்ணெயைத் தந்தார். அதை உள்ளே விட்டு, எல்லாப் பக்கமும் போய்ப் பிடிக்கச் சைக்கிளைப் புரட்டிப் புரட்டி எடுத்து, மிச்சத்தை வடித்தாய். மீன்பெட்டித் தண்ணீர் சீற்றடியால் இறங்காமலிருக்க எண்ணெய்த் துணி ஒன்றை உள்ளே அடைத்து, குழாய்க்குக் கிறீஸ் பூசி இறுக்கினாய். கடைசியில் ஸ்பானரால் தட்டினாய். கணீரென்றது. "மொத்தெண்டு கேட்டாத்தான் பயம்" என்றாய்.

அந்தத் துணிதான் பிறகு உன்னைக் கொல்லப் பார்த்தது.

மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த காலம். வாவியின் இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் இயக்கம். துறையடியில் ஆமியின் காவல் சென்றியில் அன்று நானும் உன்னோடு நின்றேன். புதிதாக வந்த சிப்பாய் ஒருவன் மீனை மண்ணில் கொட்டிவிட்டுச் சீற்றைக் கழற்றச் சொன்னான். கறுத்த எண்ணெய் வழிய அந்தத் துணி வெளியே வந்தது. குண்டுத் திரி என்று நினைத்தானோ என்னவோ! துவக்குப் பிடியால் உன் தோளில் அடித்தான். விழுந்த பிறகும் விலாவில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. என் கழுத்தில் இன்னொருவனின் துவக்கு.

"மலகட, மாத்தயா! மலகட!" என்று நீ கத்தினாய். கறளுக்குச் சிங்களத்தில் அதுதான் சொல். உனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் அந்தச் சொல் இருந்தது நம் அதிர்ஷ்டம். அவன் துணியை உன் வாய்க்குள் திணித்துக் கடிக்கச் சொன்னான். நீ கடித்தாய். வயதான சிப்பாய் ஒருவன் வந்து, குழாய்க்குள் விரலை விட்டு முகர்ந்து பார்த்து, அவனை ஏசி, போகச் சொன்னான்.

எண்ணெயும் இரத்தமுமாகத் துப்பிவிட்டு, நீ செய்த முதல் வேலை என்ன தெரியுமா? அதே துணியைத் திரும்ப உள்ளே அடைத்தாய். "மழ வரப்போகுது மச்சான். திறந்து கிடந்தாத் தண்ணி இறங்கிரும்" என்றாய். எனக்கு உன்னைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது. அங்கே நின்று அழ முடியுமா?

விலா பொருந்தியதும் நீ மறுபடியும் அக்கரைக்குப் போனாய். போனவன் திரும்பும் வழியில் ஷெல் அடி தொடங்கியது. பூரணம் அக்காவுக்குத் தொடையில் காயம். நீ மீன்பெட்டியை வீசிவிட்டு அவவைக் கரியரில் ஏற்றி மிதித்தாய். அவ பிறகு என்னிடம் சொன்னா: "பயப்பிடாதகா, சைக்கிள் உடையாது, பிடிச்சிரு எண்டு சொல்லிச் சொல்லித்தான் தம்பி மிதிச்சவன்."

அடுத்த ஷெல் உன் முன்னால் விழுந்தது. சைக்கிள் உடையவில்லை மச்சான். நீதான் உடைந்தாய்.

பின்னால் ஓடிவந்த அவவின் புருஷன் உன்னைப் பாரின்மேல் குறுக்காகப் போட்டுக் கட்டி, அக்காவையும் நடத்திக்கொண்டு, எரிகிற ஊருக்குள்ளால் துறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். உன் முகத்தை உன் மனைவி மலருக்குக் காட்ட நான் விடவில்லை. என் தங்கச்சி என் கையைக் கடித்துவிட்டுப் போய்ப் பார்த்தாள்.

பாரில் விரல் நுழையும் ஓட்டை ஒன்று. அதற்குள்ளால் உன் இரத்தம் இறங்கியிருந்தது. இரத்தமும் உப்புத்தானே. எட்டாம் நாள் சடங்கு கழிந்தபின் நான் சீற்றைக் கழற்றி, நீ செய்தது போலவே கழுவினேன். ஒழுகியதை நாக்கில் வைத்தும் பார்த்தேன். அதை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. காயவிட்டு, ஓட்டையை ஒட்டுவித்து, எண்ணெய் விட்டேன்.

யுத்தம் முடிந்த அன்று றோட்டில் வெடி கொளுத்தினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு மலர் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்தாள்.

"கடலும் இதத் தின்னல்ல, ஷெல்லும் இதத் தின்னல்ல! என்ர பிள்ளையும் போய் புருஷனும் போய், இது மட்டும் என்னத்துக்கு நிக்கிது?"

ஓங்கி ஓங்கி அடித்தாள். மட்காட் நெளிந்தது. கம்பிகள் தெறித்தன. நான் தடுக்கவில்லை. அடிக்கிறதுக்கு அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்? பாரில் விழுந்த அடி ஒவ்வொன்றும் கணீர் கணீரென்று ஒலித்தது. கை ஓய்ந்து மண்ணில் குந்தியவள் கேட்டாள்: "உள்ளுக்க கறளே இல்லையா அண்ணா?"

"இல்லக்கா."

என் தங்கச்சியை நான் அக்கா என்று கூப்பிட்டது அன்றுதான். ஏனென்று எனக்கே தெரியாது. அவள் எழும்பிப்போய்ச் சிதறிய கம்பிகளைப் பொறுக்கினாள்.

இன்று சுபா பக்கத்தில் வந்து நின்றாள். "மாமா, அப்பாட ரெத்தம் இதுக்க இருந்திச்சாம். மெய்யா?"

"ஓம் மனே. கழுவிட்டன்."

பாரைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு, "அப்ப சைக்கிள நான் ஓடுறன்" என்றாள். பின்னால் மலர் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மச்சான், இந்தச் சைக்கிளை என்றைக்கும் காப்பாற்றுவேன் என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். ஒவ்வொரு மாரிக்கு முன்னும் சீற்றைக் கழற்றிப் பார்ப்பேன், துணி விட்டு இழுப்பேன், தட்டிப் பார்ப்பேன். ஒருநாள் மொத்தென்று கேட்டால், மலர் அழுதாலும் சுபா அழுதாலும், நானே இரும்பறுக்கிற வாளால் அறுத்துப் பழைய இரும்புக்காரனிடம் போடுவேன். அது உன் ஞாபகம் என்பதற்காக உன் பிள்ளையை அதிலிருந்து விழ விடமாட்டேன். இது சத்தியம்.

மலரின் அண்ணன், சுபாவின் மாமன்,
என்றும் உன் மச்சான்
கணேசன்