தொப்பி மடிப்பில் பதினொரு மாத்திரை

இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு பரணிலிருந்து அந்தப் பையை இறக்கியபோது இருந்தவர்கள் மூன்று பேர்: நான், நம் மகள், உங்கள் தம்பி. பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது என்றுதான் முதலிலேயே எழுதுகிறேன், மச்சான்.

பையில் உங்கள் ரேடியேஷன் முகமூடி இருந்தது. வெந்நீரில் இளக்கி, உங்கள் முகத்தில் அழுத்தி எடுத்த, தலை அசையாமல் மேசையோடு பூட்டுகிற வெள்ளை வலை. மூக்கு, தாடை எல்லாம் அப்படியே நீங்கள். கூடவே உங்கள் தொப்பி. மகள் அதை உதறினாள். மடிப்பிலிருந்து மாத்திரைகள் கொட்டின. பதினொன்று. மூளை வீக்கத்துக்கு நான் என் கையால் எடுத்துக் கொடுத்தவை.

"விடுங்க மதினி, மவுத்தானவர ஏசக்கூடாது" என்றார் உங்கள் தம்பி.

இறந்தவரானாலும் ஏசத்தான் போகிறேன்.

ஜெகதாப்பட்டினத்தில் வலைக்கடை வைத்திருந்த மனுஷர் நீங்கள். முதல் நாள் கதிர் அறையிலிருந்து வெளியே வந்து, "வலை வித்தவனையே வலையில போட்டுட்டாங்கடி" என்று சிரித்தீர்கள். மூளையில் வேகமாக வளர்கிற கட்டி என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிறகு ஏன் ஒரே நாளில் முடிக்காமல் முப்பது நாள் என்று நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கதிர் பட்ட நல்ல செல் மறுநாளைக்குள் தன்னை ஒட்டுப்போட்டுக்கொள்ளும். கட்டியின் செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. எட்டாவதோடு நின்றவள் இதை நோட்டில் எழுதி உங்களுக்குப் படித்தும் காட்டினேன். தலையாட்டினீர்கள்.

மாத்திரையால் முகம் உப்பியது. முகமூடி இறுகியது. "மூச்சு முட்டுதுடி" என்றீர்கள் ஒரு நாள். "கொஞ்சம் பொறுங்க, சபூரா இருங்க. சின்னப் புள்ளயா நீங்க?" என்றேன். அதற்குப் பிறகு மெஷின்காரத் தம்பி என் காதுபடக் கேட்டாரே, "டைட்டா இருந்தா சொல்லுங்க பாய், வேற செஞ்சிரலாம்" என்று. "அதெல்லாம் கச்சிதமா இருக்கு" என்றீர்கள். பொய்யர்!

மாத்திரையைக் கையில் வாங்குவீர்கள். நான் நோட்டில் டிக் போடக் குனிவேன். தொப்பியில் செருக அந்தக் குனிகிற நேரம் உங்களுக்குப் போதுமாயிருந்திருக்கிறது.

தலைவலியும் வாந்தியும் கூடியபோது டாக்டர் என் நோட்டைப் புரட்டினார். "ஒரு வேளகூட விடலயே. அப்ப கட்டிதான் மீறுது" என்றார். அல்லாஹ் அறிய, ஆமாம் என்றேன். அடுத்த பெருநாளை நீங்கள் பார்க்கவில்லை. கட்டி மீறியதா, மாத்திரை போகாத வீக்கமா, இனி எந்த ஸ்கேன் சொல்லும்?

அந்த நோட்டின் நகலை டாக்டர் இன்னும் வைத்திருக்கிறார். புதிதாக வருகிற வீட்டாரிடம், "இந்தம்மா மாதிரி எழுதுங்க" என்று காட்டுகிறாராம். சனிக்கிழமை திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய், அது பொய் நோட்டு என்று சொல்லிப் பதினொரு டிக்கைக் கோடு கிழித்து நீக்கப் போகிறேன். எந்தப் பதினொன்று என்றுகூட எனக்குத் தெரியாது.

உங்களுக்காக துஆ கேட்கக் கை ஏந்தினால், அந்தக் கை நோட்டுப் பிடித்த கையாகவே இருக்கிறது. முகமூடிக்குப் பயந்தீர்களா, எனக்குப் பயந்தீர்களா? கனவிலாவது வந்து சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.